நல்ல தண்ணி டேங்க்

ஊருக்கு வந்த முதல் வாரம் முழுக்க, தம்பி வீட்டு மேல்தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழிந்தது. காரணம் நான் குளிக்கும் விதம். உடம்பை நனைத்துக்கொண்டு ஷவரை நிறுத்துவேன். சோப்புப் போட்டு முடித்த பிறகுதான் மறுபடி திறப்பேன். வெளியே அடுப்பருகில் நிற்கும் என் தம்பி மனைவி தேவிக்கு, தண்ணீர்ச் சத்தம் பாதியில் அறுந்துபோவது மட்டும் கேட்கும். "மாமா, தண்ணி நின்னுடுச்சா? தோ, மோட்டர் போடறேன்" என்று ஓடுவாள். வேண்டாம் என்று நான் உள்ளேயிருந்து சொல்வது மோட்டார் இரைச்சலில் அவளுக்கு எட்டாது. நியூசிலாந்தில் நான் ஒரு வண்டிக்குள் குடியிருக்கிறேன், அதில் இருக்கும் சின்னத் தொட்டியை நம்பித்தான் சமையலும் குளியலும், அதனால் கை தானாகவே குழாயை மூடிவிடுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து விளக்கினேன். அவள் முகம் வாடிப்போனது. அவ்வளவு தூரம் போயும் இந்த மனுஷனுக்கு ஒரு வாளித் தண்ணீருக்கு வழியில்லை என்று புரிந்துகொண்டாள் போல. மறுநாளிலிருந்து குளியலறையில் எனக்கென்று இன்னொரு வாளி நிறைய வெந்நீர் காத்திருந்தது, இந்தக் கத்திரி வெயிலில்.

அந்த நாட்டில் இந்த வண்டிக்கு மோட்டர்ஹோம் என்று பெயர். ஒரு காலத்தில் கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேனாக இருந்தவன் நான். பால் பண்ணை வேலைக்கென்று அங்கே போனேன். பண்ணை ஒத்துவரவில்லை. வீட்டு வாடகையும் கட்டுப்படியாகவில்லை. பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆப்பிள் பறிக்கும் பருவத்தில் ஒரு ஊர், திராட்சைக்கொடி வெட்டும் பருவத்தில் இன்னொரு ஊர் என்று ஓட ஆரம்பித்தேன். கட்டிலுக்கு அடியில் நல்ல தண்ணீர்த் தொட்டி. அதை அவ்வப்போது காலிசெய்து, மூடியைக் கழற்றி, மருந்து ஊற்றி ஊறவிட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து அலசி எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் மறப்பது சுலபம். மறந்தால் முதலில் டீயில் ஒரு மண்வாடை வரும், பிறகு வயிறு சொல்லும். தேங்கிக் கிடந்தால் தண்ணீர் கெடும், அதனால்தான் நான் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று அங்கிருக்கும் நண்பர்களிடம் பெருமையடித்ததுண்டு. அது சும்மா பேச்சு. வண்டி ஓடிக்கொண்டே இருந்தாலும் தொட்டி அழுக்காகத்தான் செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், வடபழனியில் தம்பி கோபியின் பிழைப்பும் அதே மாதிரி வண்டிதான். இங்கே அதைக் கேரவன் என்பார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பில் நடிகர்கள் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் நிற்கும் வண்டி. கோபியே முதலாளி, கோபியே டிரைவர். ஆனால் நான் வந்தபோது வண்டி பஸ் டெப்போவுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் ஓய்ந்து நின்றது. எந்தப் படப்பிடிப்பும் இல்லையா என்று கேட்டால் கோபி வேறு பக்கம் பார்த்தான். தேவிதான் விஷயத்தைச் சொன்னாள். அடையாறில் நடந்த ஒரு படப்பிடிப்பில், வசந்தா என்ற ஹேர்டிரஸ்ஸர் அக்கா ரத்த அழுத்த மாத்திரை போடத் தண்ணீர் தேடியிருக்கிறார். கேன் காலி. வண்டிக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டார். அன்று சாயந்திரமே வாந்தியும் பேதியும் ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. அந்த வண்டி இனி வேண்டாம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். பேச்சு அடுத்த கம்பெனிக்கும் பரவியது.

கோபியிடம் கேட்டால், எந்தத் தண்ணீரால் வந்தது என்று டாக்டரே சொல்லவில்லை என்றான். "அன்னிக்கு அந்தக்கா இன்னா துன்னுச்சோ, யாருக்குத் தெரியும்? பழிய மட்டும் என் வண்டி மேல போட்டுட்டானுங்க." அதற்கு மேல் பேச அவன் தயாராக இல்லை. எனக்கு மனசு அடங்கவில்லை. சும்மா பார்க்கலாம் வா என்று ஒரு காலையில் அவனை மனைக்கு அழைத்துப்போனேன்.

இருக்கைப் பலகையைத் தூக்கித் தொட்டி மூடியைத் திருகினேன். மூடி அசையவே மறுத்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. ஒருவழியாகத் திறந்து உள்ளே கையை விட்டேன். சுவர் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி வழுக்கியது. அடியில் லாரித் தண்ணீரோடு வந்த மணல். கையை வெளியே எடுத்தபோது விரலிடுக்குகளில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கோபி அதைப் பார்த்தான். தண்ணீர் எதில் பிடிக்கிறாய் என்று கேட்டேன். வண்டியின் பின்பக்கக் கொக்கியில் தொங்கிய பச்சை டியூபைக் காட்டினான். கழிவு டேங்க் அலசுவதற்கு எந்த டியூப் என்றேன். அவன் கண் அதே டியூபுக்குப் போனது. கொக்கியில் இருந்தது அது ஒன்றுதான்.

"கழுவிட்டுத்தான்டா போடறேன்" என்றான். என்னை 'டா' போட்டுப் பேசுகிறவன் இல்லை அவன்.

இரண்டுக்கும் ஒரே டியூப் கூடவே கூடாது என்றேன். அங்கே நாங்கள் நல்ல தண்ணீருக்கு வெள்ளை டியூப் தனியாக வைத்திருப்போம், அது தரையில்கூடப் படாது என்று சொல்லிக்கொண்டே போனேன். 'அங்கே' என்ற வார்த்தை அவனைச் சுட்டிருக்க வேண்டும்.

"உனக்கு இன்னாண்ணா? வந்த, என் வண்டில கைய வுட்ட, அழுக்கு எடுத்துக் காட்டிக்கினு கீற. இன்னும் கொஞ்ச நாள்ல ஏரோப்ளேன் ஏறிடுவ. நாளைக்கு அந்த மேனேஜர் முன்னாடி நிக்கப்போறவன் நானு."

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அழுக்கான கையோடு நான் மனையிலேயே நின்றிருந்தேன். எனக்கும் கோபம்தான். நடந்து டெப்போ வாசலுக்கு வந்தேன். ஊரில் இருக்கும்போது கால்கள் தாமாகவே என்னை அங்கேதான் கொண்டுவந்து விடும். எந்த பஸ்ஸிலும் ஏறாமல், புறப்படும் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அங்கே நிற்கும்போதுதான் நியூசிலாந்தில் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் நினைவு வந்தது. மோட்டர்ஹோம் வாங்கிய புதிது. மோட்டர்ஹோம்கள் இரவு தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டில் வண்டிகளுக்கென்றே இருந்த ஒரு குழாயைப் பார்த்து டியூபை மாட்டினேன். பக்கத்து வண்டியிலிருந்து வயதான ஒரு பெண்மணி வேகமாக வந்து, "நோ, நோ, நாட் தட் ஒன்" என்று என் கையிலிருந்த டியூபையே பிடுங்கினார். அவர் தொடர்ந்து பேசிய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. முகம் சிவந்திருந்தது மட்டும் புரிந்தது. என் நிறம் பிடிக்கவில்லை, தன் பக்கத்தில் நான் தண்ணீர் பிடிப்பது பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவரிடம், கிணற்றில் இன்னார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பார்களே எங்கள் பக்கம், அந்த மாதிரி ஆளா நீங்களும் என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். சில வாரம் கழித்து, வேறொரு ஊரில் அதே மாதிரிக் குழாயில் ஒருவர் தன் வண்டியின் கக்கூஸ் பெட்டியை அலசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதன் மேலிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். குடிப்பதற்கல்ல என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் என்னைத் துரத்தவில்லை, காப்பாற்றப் பார்த்திருக்கிறார். அவரை மறுபடி எங்கேயும் பார்க்கவில்லை.

அன்று கோபியின் வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோபி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தான். கையில் இரண்டு டியூப் சுருள்கள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. என்னைப் பார்க்காமல், "வெள்ளதான சொன்ன?" என்றான்.

மனைக்குப் போனோம். பழைய தண்ணீரை முழுக்க வடித்தோம். நான் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு ஸ்பாஞ்சால் தேய்க்க, கோபி டார்ச் பிடித்தான். என் கை வலித்ததும் அவன் தேய்த்தான். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, வண்டல் அடங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பினோம். முகம் கழுவும் குழாய், ஷவர், சின்னச் சமையலறைக் குழாய் என்று ஒவ்வொன்றையும், அந்த மருந்து வாடை மூக்கில் ஏறும்வரை திறந்துவிட்டோம். கீசர் வழியாக வரும் பக்கத்தையும் விடவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் குழாய்களை மறப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படியே மறுநாள்வரை ஊறவிட்டு, பிறகு வடித்து, வாடை போகும்வரை திரும்பத் திரும்ப அலசினோம். வடிகட்டியைப் புதிதாக மாற்றினோம். வேலை நடந்த இரண்டு நாளும் நாங்கள் அதிகம் பேசவில்லை. ஆனால் கைகள் பழைய மாதிரி ஒத்துழைத்தன. நான் கேட்பதற்கு முன் அவன் ஸ்பேனரை நீட்டினான்.

வசந்தா அக்காவைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னது தேவிதான். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷன். அக்கா இளைத்திருந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் கட்டிலில் உட்கார்ந்தார். கோபி வாசலைப் பார்த்தபடியே, டியூபைப் பற்றியும் தொட்டியில் இருந்ததைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னான். இவ்வளவையும் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"உம்மேல கோவம் இல்ல கோபி. வண்டிக்கு வருவேன், வேலயும் செய்வேன். தண்ணி மட்டும் குடிக்கமாட்டேன். அது இனிமே என்னால ஆவாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அங்க வண்டியிலயே குடியிருக்கியாமே? வூட்டு வாடக ஜாஸ்தின்றதாலயா? இல்ல, ஒரு எடத்துல நிக்கப் புடிக்கலியா?"

வாடகைதான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கோபி என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷமாக அவனும் இதையே கேட்க நினைத்திருந்தது தெரிந்தது.

அக்காவே மேனேஜரிடம் பேசினார். அடுத்த வாரம் ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய கடற்கரை மணலில் ஒரு பாட்டுக்கான படப்பிடிப்பு. கோபியின் வண்டிக்கு இடம் கிடைத்தது. நானும் போனேன். மீன் கூடைகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடுவில் லைட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அதில் ஒருவனாக இருந்தவன் நான் என்பதே எனக்கு நம்பும்படியாக இல்லை. வசந்தா அக்கா தோளில் பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மாத்திரையை அந்தத் தண்ணீரில்தான் போட்டுக்கொண்டார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் வண்டிக்குள் ஏறி, குழாயைத் திறந்து கை கழுவினார். கொஞ்சம் தயங்கி, அதே தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி முகத்திலும் அடித்துக்கொண்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கோபி கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் கிடைத்தது. அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில், அடையாறு பாலத்தின் மேல் வண்டி நெரிசலில் நின்றபோது கோபி பேச்சை ஆரம்பித்தான். கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் எத்தனையோ கேரவன்கள் இருக்கின்றன, எல்லாத் தொட்டியும் இப்படித்தான் இருக்கும், நாம் இருவரும் சேர்ந்தால் இதையே ஒரு தொழிலாக நடத்தலாம் என்றான். எனக்கென்று மாடியில் ஒரு அறை எடுப்பதுவரை யோசித்து வைத்திருந்தான்.

"இங்கயே இருந்துடேண்ணா" என்றான், சாலையைப் பார்த்தபடி.

இருந்துவிடலாம் என்றுதான் அந்த நொடி தோன்றியது. ஆற்றின் வாடையும், முன்னால் நின்ற ஆட்டோவின் பாட்டும், அவன் கியர் மாற்றும் கையும் எனக்குப் போதும் போலிருந்தது. பாலத்தைத் தாண்டி வண்டி வேகமெடுத்ததும், அங்கே மரங்களுக்கடியில் பூட்டிக் கிடக்கும் என் வண்டியின் நினைவு வந்துவிட்டது. வடிக்காமல் வந்துவிட்டேனோ, பனியில் குழாய் வெடித்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பார்க்கலாம் என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் சொந்தக்காரர்களிடம் அதிகம் சொல்லும் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். கோபி தலையாட்டினான். மறுபடி கேட்கவில்லை. நான் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னான்.

என் மோட்டர்ஹோமுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. வடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இப்போது இங்கே குளிர்காலம். இரண்டு கம்பெனிகள் கோபியை ஒழுங்காகக் கூப்பிடுகின்றன. அவன் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டு, ஷூட்டிங் இல்லாத நாட்களில் பக்கத்துக் கேரவன்களின் தொட்டிகளையும் சுத்தம் செய்கிறான். நான் சேராத தொழில் நன்றாகவே நடக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். உள்ளே எங்கேயோ சின்னதாக ஒன்று குத்தவும் செய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாள். கடைசி அலசலைத் திறந்துவிட்டபோது கோபி வீடியோவில் அழைத்தான். அவனும் மனையில் அதே வேலையில் இருந்தான். எனக்குப் பிற்பகல், அவனுக்குக் காலை வெயில். ஏதோ ஒரு வால்வைக் காட்டிச் சந்தேகம் கேட்டான், சொன்னேன். பிறகு இருவருமே போனை அவரவர் வண்டிச் சக்கரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். புல்லின் மேல் என் தொட்டித் தண்ணீர் ஓடியது. திரைக்குள் வடபழனி மண்ணில் அவனுடையது ஓடியது. குளிரில் மரத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டு நான் வேறெங்கோ பார்த்திருந்தேன்.

"ண்ணா, நின்னுடுச்சா பாரு" என்று கோபியின் குரல் கேட்டது.

எந்தத் தண்ணீரைக் கேட்கிறான் என்று விளங்காமல், காலடியையும் திரையையும் நான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.