டீபக்கில் மட்டும் பேசுகிறவர்

“கேஸ் அடைச்சாச்சு. பால மூடியாச்சு. கதவு சாத்தியாச்சு” என்று யாருமில்லாத சமையலறைக்குச் சொல்லிவிட்டு, லூர்துசெல்வி காப்பித் தம்ளரோடு ஜன்னலோர மேசைக்கு வருகிறார். கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார். அப்புறம்தான் லேப்டாப் திறக்கும். செம்மநத்தம் என்கிற மலைக் கிராமத்தில் அவர் வீட்டு மாடியில் ஐந்து மாதமாகக் குடியிருக்கிறேன். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. மாடிப்படி அந்த ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்மேல் பழி போட வேண்டாம்.

வயது நாற்பத்திரண்டு. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். இவர் சேலத்தில் படித்து, அங்குள்ள ஒரு கம்பெனிக்கு மலையிலிருந்தபடியே வேலை செய்கிறார். என்ன வேலை என்று கேட்டதற்கு என் மண்டையில் ஏறும்படி விளக்கினார். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒரே இடத்தில் உட்கார்ந்து மேய்ப்பதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறதாம். அதில் மாட்டிக்கொள்ளும் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு ப்ளக்-இன் என்று பெயர். இவர் எழுதுவது அந்தத் துண்டுகளை.

“கோளாறு கண்டுபுடிக்க நாலு வரிக்கு ஒரு தடவ ஒரு டீபக் குறிப்பு வெச்சுருவேனுங்க. இங்க வந்தேன், இத்தன இருக்கோணும், இத்தன இருக்குதுன்னு அதுவே சொல்லும். ஆனா சும்மா நாள்ல வாயத் தொறக்காது. கோளாறுன்னா யாராவது சுவிட்ச் போடறாப்ல டீபக்கப் போடுவாங்க பாருங்க, அப்பத்தான் எல்லாத்தையும் கொட்டும்.”

சமையலறையிலும் நீங்கள் அதைத்தானே செய்கிறீர்கள் என்றேன். “கிண்டலுங்களா” என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை மாடிக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் வந்தது.

கணவர் ஜெப்சனுக்கும் அதே கம்பெனிதான். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆறு வருடத்துக்கு முன்னால் போனார். இரண்டே வருடம் என்றுதான் போனார். பிள்ளை இல்லாத வீடு. இருந்த இருவரில் ஒருவர் கிளம்பினார். கிளம்பும்போது, “நீ எழுதுனது அங்க மக்கர் பண்ணுனா நான் டீபக் போட்டுப் பாத்துக்கறேன், செல்வி” என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரமே, அந்த ஆஸ்பத்திரிக்கென்று எழுதிய ப்ளக்-இன்னின் டீபக் குறிப்புகளுக்கு நடுவே இவர் ஒரு வரி சேர்த்தார்: ‘செம்மநத்தம்: மழை.’

அப்புறம் ஒவ்வொரு திருத்தத்திலும் ஒன்றிரண்டு கூடின. ‘மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் பாதி ஏறிவிட்டது.’ ‘வாழவந்தி பஸ் வரவில்லை. நடந்தேன்.’ ‘உங்க நீலச் சட்டையை எலி கடிச்சிருச்சு.’ இப்படி நாற்பத்தோரு வரிகள். ஒன்றைக்கூட ஜெப்சன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமானால் டீபக் போட வேண்டும். டீபக் போடக் கோளாறு வர வேண்டும். லூர்துசெல்வி எழுதியதில் ஆறு வருடமாக ஒரு கோளாறும் வரவில்லை. கெட்டிக்காரியாக இருப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம் இருக்கிறது.

போனில் பேசிக்கொள்ளலாமே என்பீர்கள். தினமும் பேசுகிறார்கள். ஐந்து நிமிடம். “போன எடுத்தா நெஞ்சுல இருக்கறது வர மாட்டேங்குதுங்க. சாப்டீங்களாதான் வருது. அவருக்கும் அதேதான் வருது.” அவர் இல்லாமல் வீடு நொம்பப் பெரிசாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னார். அது மூன்று அறை வீடு.

போன திங்கட்கிழமை இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. கம்பெனியில் இவர் எழுதியதைச் சரிபார்க்கும் பாலகுமார் அந்த வரிகளைக் கண்டுபிடித்துவிட்டார். “ஏனுங்க அக்கா, டீபக்ல மழை, எலியெல்லாம் வருது. வியாழக்கெழமைக்குள்ள எடுத்துருங்க.” அன்று மாலையே ஜெப்சன் போன் செய்தார். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட வேண்டுமாம், போடட்டுமா?

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உங்க இஷ்டமுங்கன்னேன்.”

எனக்குக் கோபமே வந்துவிட்டது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றியது. குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்க முடியுமா. அதற்குப் பதிலாக, ப்ளக்-இன்னில் ஒரு சின்னத் தப்பு வையுங்கள், அவர் டீபக் போடட்டும் என்று யோசனை சொன்னேன்.

தம்ளரைக் கீழே வைத்தார். “போன ஜனவரில வெச்சேனுங்க. ஒரு சோதன வரியத் தூக்கிட்டு, அனுப்பாம, கால் மணி நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் திருப்பி வெச்சுட்டேன். அங்க ஆஸ்பத்திரிங்க. எனக்கு மனசு கேக்கலீன்னா, அதுக்கு நோயாளிங்கதான் கெடச்சாங்களா?”

வியாழக்கிழமை காலை பனி ஜன்னல் கம்பி வரை வந்து நின்றது. நான் வெட்கத்தை விட்டு, திரை தெரியும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து அழித்துக்கொண்டிருந்தார். “மிளகுக்கொடி, எடுத்தாச்சு. வாழவந்தி பஸ், எடுத்தாச்சு. நீலச் சட்ட... எடுத்தாச்சு.”

நாற்பது போயின. மிஞ்சியது அந்த முதல் வரி, ‘செம்மநத்தம்: மழை.’ அதில் மழையை மட்டும் அழித்தார். மெதுவாக வேறு அடித்தார்: ‘செம்மநத்தம் வீடு: இருக்க வேண்டியது 2, இருப்பது 1.’ பிறகு அந்த வரியின் முன்னாலிருந்த டீபக் என்ற சொல்லை எடுத்துவிட்டு, வார்னிங் என்று போட்டார்.

“அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்றேன்.

“டீபக்குன்னா ஆராவது போட்டாத்தான் தெரியுமுங்க. வார்னிங்குன்னா போட வேண்டியதில்ல. காலைல அவரு வேலையத் தொறந்தா மொத வரி, மஞ்சக் கலர்ல நிக்கும்.”

பாலகுமாரின் அனுமதி வேண்டும். அழைத்தார். லேப்டாப்பில் அந்த வரியை அவர் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. “இது வார்னிங்தானுங்க அக்கா. இருக்கட்டும். திங்கக்கெழம எடுத்துக்கலாம்” என்றார்.

இங்கே மணி ஒன்பது, மஸ்கட்டில் ஏழரை. எட்டு மணிக்கு ஜெப்சன் நாற்காலிக்கு வந்துவிடுவார். லூர்துசெல்வி பொத்தானை அழுத்தினார். அனுப்பியாச்சு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கவிழ்த்து வைத்திருந்த கைபேசியை எடுத்தார். நிமிர்த்தி, ஆறிப்போன காப்பித் தம்ளரில் சாய்த்து, தன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.