மூடிவைத்த அம்பிளிஃபயர்

புலம்பெயர்ந்து வந்த ஊரில், எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் வாடகை ஸ்பீக்கர்களின் இரைச்சலைக் கேட்டுச் சலித்துப்போய், என் அம்பிளிஃபயரைக் கொண்டுவருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். நகருக்கு வெளியே புக்கெகோஹியில் ஒரு மரக்கறித் தோட்டக்காரரின் கராஜிலிருந்து வாங்கியது. என்னைவிட வயது கூடியது. உள்ளேயிருந்த மின்சுற்றில் ஒரு குறையுமில்லை, பெட்டிதான் பிழை. சேஸி என்கிற வெளிக்கூடு மெல்லிய தகரம், காற்றுப் போக வழியில்லை, சூட்டை இழுக்க உள்ளங்கையளவில் இரண்டு ஹீட் சிங்க் தகடு. நாலைந்து பாட்டுப் போட்டால் மேல்மூடியில் கை வைக்க முடியாது.

மவுண்ட் வெல்லிங்டனில் பழைய இரும்பு விற்கும் இடமொன்றில், ஏதோ தொழிற்சாலை இயந்திரத்திலிருந்து கழற்றிய பெரிய அலுமினிய ஹீட் சிங்க்குகள் கிடைத்தன. அவற்றையே பக்கச் சுவர்களாக வைத்து, தடித்த தகட்டில் புதுச் சேஸி செய்தேன். கிளென்ஃபீல்டில் எங்கள் கராஜில், வேலை முடிந்து வந்த மாலைகளில், துளையிட்டு, திருகாணிக்கு மரை வெட்டி, டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பூட்டினேன். சூடு மிஞ்சினால் தானாக நின்றுவிட ஒரு சுவிட்ச்சும் வைத்தேன். என் கணவர் இடைக்கிடை தேத்தண்ணீர் கொண்டுவந்து தருவார். அவருக்கு இந்த வேலை தெரியாது, அது குற்றமுமில்லை.

விழாவில், நடனத்தின் நடுவே பாட்டு நின்றது. பிள்ளைகள் மேடையில் தூக்கிய கையோடு நின்றார்கள். மேடையோரத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், அம்பிளிஃபயருக்குத் தடித்த பட்டுத் துணி போர்த்தி, மேலே பூத்தட்டும் வைத்திருந்தது.

"ஆர் இதை மூடினது?"

"நான்தான் தங்கச்சி," என்றார் சங்கத் தலைவர். "பார்க்க வடிவில்லாமல் கிடந்தது. உங்கட மனுசனைக் கூப்பிடுங்கோ, வந்து பார்க்கட்டும்."

"செய்தது நான். சூடு வெளியில போகத்தான் இந்தத் தகடெல்லாம் வச்சிருக்கு."

"ஓம் ஓம், அவர் வரட்டும்."

துணியை இழுத்தேன். பூவெல்லாம் தரையில் கொட்டியது. ஓர் அட்டையால் விசிறி, சூடு இறங்கியதும் மீண்டும் போட்டேன். நடனம் தொடர்ந்தது.

நன்றியுரையில் தலைவர் என் கணவரின் பெயரைச் சொல்லி, அம்பிளிஃபயரைத் திருத்தித் தந்ததற்கு நன்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் எழும்பிக் கும்பிட்டார்.

நானே வயர்களைக் கழற்றி, அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கிக் காரில் வைத்தேன்.

"ஏன் எழும்பினனீங்கள்?" வீடு திரும்பும் வழியில் கார் பாலத்தில் ஏறும்போது கேட்டேன்.

"பேரைச் சொன்னா எழும்பத்தானே வேணும். சபையில என்னெண்டு மறுக்கிறது?"

"இவதான் செய்தவ எண்டு சொல்ல எவ்வளவு நேரம் போகும்?"

அவர் காரின் ரேடியோவைத் திருகினார்.

அடுத்த விழாவுக்குத் தலைவர் என் கணவருக்குத்தான் போன் எடுத்தார். "அது இவவின்ர சாமான் அண்ணை. செய்ததும் இவதான்," என்று சொல்லிக் கணவர் போனை என்னிடம் நீட்டினார்.

"அதுக்கென்ன தங்கச்சி, எல்லாரும் ஒரு குடும்பம்தானே," என்றார் தலைவர்.

"அப்ப மேடையிலயே திருத்திச் சொல்லுங்கோ. பிறகு கொண்டுவாறன்."

பிறகு கதைப்பதாகச் சொல்லிப் போனை வைத்தவர், கதைக்கவேயில்லை. பழையபடி வாடகை ஸ்பீக்கர்தான் பிடித்தார்கள். அம்பிளிஃபயர் எங்கள் வீட்டு ஹாலில் பாடுகிறது, எவ்வளவு நேரம் போட்டாலும் சுடுவதில்லை.

கணவர் போனில் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சொன்னது எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, ஒரே ஒருவருக்கு. அன்றைக்கு மண்டபத்தில் கைதட்டியவர்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது.