ஜைனுதீனின் துவக்கும் றாபியாவின் கொப்பியும்

வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில்தான் றாபியா புருஷனுக்குச் சவரம் செய்துவிடுவாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் ஒரு நாள் முந்தியே அவர் கன்னத்துக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டிருந்தாள்.

"கழுத்த நிமித்துங்க. பேசாதீங்க, கீறிரும்."

ஜைனுதீன் கழுத்தை நிமிர்த்தினார். மடியில் கிடந்த அவருடைய கைகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மாத்திரை தந்த நடுக்கம் அது. தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் குடிப்பார். அந்தக் கைகளுக்கு மறுபடியும் துவக்குக் கேட்டுத்தான் அன்று போகவிருந்தார்கள்.

கலேவெலைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு வயலும், மேட்டில் ஒரு மரவள்ளித் தோட்டமும் இருந்தன. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இராவில் தோட்டம் உழுத நிலம்போல் ஆகிவிடும். பன்றி சுட வாப்பா விட்டுப்போன ஒற்றைக் குழல் துவக்குக்கு ஜைனுதீன் வருஷா வருஷம் மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் அனுமதிப் பத்திரம் புதுப்பித்து வந்தார். ஊரில் அவர் பெயரே 'துவக்கு ஜைனுதீன்'தான்.

அரசாங்கத்துக்கு எதிராக இளைஞர்கள் எழுந்த எண்பத்தொன்பதாம் வருஷக் கலவரத்தில், வீடுகளில் இருக்கும் துவக்குகளையெல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவரும் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் தெருவோரம் டயரில் எரிந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அதில் ஒருவன் அவர் வயலில் கதிர் அறுத்தவன். அதன் பிறகு முதலில் தூக்கம் போனது, அப்புறம் பேச்சு போனது. கண்டியில் வார்டில் வைத்துப் பார்த்து, தேறியபின் அனுப்பினார்கள்.

றாபியாவுக்கு வார்டு புதிதல்ல. பல வருஷம் மனநோய் வார்டில் எட்டென்டனாக வேலை செய்தவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் கைப்பழக்கம். நோயாளி அமைதியானதும் காவலைத் தளர்த்திவிடக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான். ஜைனுதீன் வீடு வந்ததும் வேலையை விட்டாள். பூச்சி மருந்துப் போத்தலை அடுத்த வீட்டில் கொடுத்து வைத்தாள். கிணற்றுக் கயிற்றைத் தினமும் தன் கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்தாள். அந்த நாளில் ஒருநாள் அவர் கூரையைப் பார்த்தபடி, "துவக்கு கையில ஈந்திருந்தா லேசா முடிஞ்சிருக்கும்" என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல தூக்கம் அவளுக்கும் அன்றோடு போனது.

இப்போது தொண்ணூற்றொன்று. துவக்குகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ஆனால் உடம்பும் மனமும் சரியென்று டொக்டர் கடிதம் வேண்டும் என்று கச்சேரியில் சொல்லிவிட்டார்கள்.

சவரம் முடியும் நேரத்தில் ஜைனுதீனின் தம்பி நுஹ்மான் வந்தான். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். நானா, நானா என்று அண்ணன் மேல் உயிர்.

"ஆ, நானா மாப்பிள்ள மாதிரி ஈக்கிறாரே! டொக்டர் பொண்ணும் பாத்துக் குடுப்பாரு."

"ஈக்கிற ஒண்டையே சமாளிக்க ஏலாம ஈக்கி" என்றார் ஜைனுதீன்.

"சிரிச்சது போதும், வாயத் தொடைங்க" என்று றாபியா துவாயை நீட்டினாள்.

நுஹ்மான் மேசையில் இருந்த கிளினிக் கொப்பியை எடுத்தான். டொக்டர்மார் நோயும் மருந்தும் எழுதும் அந்த நோட்டு ஆஸ்பத்திரியில் தங்காது. நோயாளியோடு வீட்டுக்கு வந்துவிடும். பக்கம் முடிந்தால் பழைய கொப்பியோடு புதியதை நூலால் சேர்த்துத் தைத்து வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஜைனுதீனுடையதும் இரண்டு கொப்பி. அடியில் இருந்தது கண்டிக் கொப்பி, மனநோய் விவரமெல்லாம் அதில்தான். மேலே இருந்த ஊர்க் கொப்பியில் பிரஷர் கணக்கும், 'பழைய மருந்தே தொடரவும்' என்ற எழுத்தும் தவிர வேறில்லை.

நுஹ்மான் சவர பிளேடால் நூலை அறுத்தான்.

"மச்சி, இந்தப் பழசு வூட்ல கெடக்கட்டும். புதுசக் காட்டினாப் போதும்" என்றான் அண்ணன் மனைவியிடம்.

"கை நடுங்குறதுக்கு என்ன செல்றது?" என்றாள் றாபியா.

"பிரஷருண்டு செல்லுங்க. ஊர்ல எல்லாருக்கும் துவக்கு திரும்பி வந்திரிச்சி. நம்ம தோட்டம் மட்டும் பன்றிக்கு விருந்தா?"

ஜைனுதீன் அவளைப் பார்த்தார். எதையும் அவ்வளவு ஆசையாக அவர் கேட்டு வெகு காலம் ஆயிற்று. றாபியா பிளேடைக் கழுவி வைத்தாள். புறப்படும்போது கண்டிக் கொப்பியையும் எடுத்துப் பையின் அடியில் போட்டுக்கொண்டாள். காட்டுவதா என்பதை அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வயதில் இளையவர், சிங்களவர், மரியாதையாகப் பேசினார். நுஹ்மான் வெளியே நின்றான். ஜைனுதீன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டொக்டர் கொப்பியைப் புரட்டினார், பிரஷர் பார்த்தார்.

"வேற ஏதாவது வருத்தம், நோய்நொடி இருந்ததா?"

"இல்ல, மாத்தயா" என்றார் ஜைனுதீன்.

டொக்டர் பேனாவை எடுத்தார். றாபியா தொடைக்கு அடியில் இருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள்.

"இதுவும் இவருடையதுதான்" என்று கண்டிக் கொப்பியை வைத்தாள்.

"அது பழசு…" என்றார் ஜைனுதீன்.

டொக்டர் வாசித்துவிட்டு அவளிடம் கேட்டார். வார்டில் நர்சுக்கு ஒப்புவிப்பதுபோல அவள் சொன்னாள்: தூக்கம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மாத்திரை தவறுவதில்லை. கடைசியில், கூரையைப் பார்த்து அவர் சொன்னதையும் சொன்னாள். அவர் முன்னாலேயே சொன்னாள். ஜைனுதீன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதைக்குத் துவக்கு கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று டொக்டர் எழுதினார்.

பஸ்ஸில் நுஹ்மான் பொறுக்க முடியாமல் பின் சீட்டிலிருந்து குனிந்தான். "மச்சி, நீங்க நானாவுக்குப் பொஞ்சாதியா, பொலிஸ்காரியா?"

"எட்டென்டன். வேலைய விட்டாலும் வேல விடல்ல. பேசாம வாங்க, தல வலிக்கிது."

வீட்டுக்கு வந்து ஜைனுதீன் சோற்றைத் தொடவில்லை. மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார்: "இனி ஊர்ல என்னைய என்னண்டு கூப்பிடுவாங்க?"

"ஜைனுதீன்டு. வாப்பா வெச்ச பேர் அதுதானே."

"நீ அதச் செல்லியிருக்கப் படாது, றாபியா."

"நீங்க செல்லாம ஈந்திருந்தா நானும் செல்லியிருக்க மாட்டேன்."

அவர் மேட்டுப் பக்கம் பார்த்து, "பன்றி எல்லாத்தையும் தின்னும்" என்றார்.

"தின்ன முந்தி நாம பிடுங்குவோம். அதுக்கப்புறம் மொளகாய் போடுவோம், அத அது தொடாது. எழும்பிச் சாப்பிடுங்க, என்னால திருப்பித் திருப்பிச் சூடாக்க ஏலாது."

பாதிச் சோறு சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் றாபியா அவருக்கு மாத்திரையைக் கொடுத்தாள், ஊசியில் நூல் கோத்து இரண்டு கொப்பியையும் மறுபடி சேர்த்துத் தைத்தாள். பிறகு இருவரும் மண்வெட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள். அவள் அடியைக் கொத்தி இளக்கினாள். ஜைனுதீன் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழங்கு இன்னும் முற்றவில்லை, மெலிந்துதான் இருந்தது. வெயில் ஏறும் முன் நுஹ்மான் சாக்குகளோடு வந்தான். அவளோடு பேசாமலே குனிந்து, தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறிக்கு மூட்டை கட்டத் தொடங்கினான்.