மோதிரம் வரை தெளிவாக விழுந்த படம்

கேட்காமல் ஏழையின் கையைப் படம் எடுப்பவன் திருடன். நேற்று அந்தத் திருடன் நான்.

எங்கள் சுங்கை பினாங் பிளாட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா, தொழிற்சாலையில் உதிரிப்பாகம் கழுவுகிறார். ரசாயனத்தில் தோலுரிந்த அவர் விரல்களை உங்களுக்குக் காட்ட நினைத்தேன். என் சின்ன கேமராவில் ஜூம் செய்தால் மங்கும். அதனால் கிட்டத்தில் எடுப்பதற்கான பூச் சின்னத்தில் கேமராவை வைத்து, பஸ்ஸில் அவர் தூங்கும்போது ஒரு சாண் நெருங்கி எடுத்தேன். முகம் இல்லையே என்ற தைரியத்தில் இந்த வலைப்பதிவில் போட்டேன்.

இன்று மாலை லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"மோதிரத்துல என் பேரே இருக்கு லா! சூப்பர்வைசர் பாத்துட்டாரு. நாந்தான் கம்பெனிய அசிங்கப்படுத்துனேன்னு சொல்றாரு."

"டிலீட் பண்ணிடுறேன்க்கா."

"இனிமே என்னத்துக்கு? நாளைக்கு என்கூட வா தம்பி. அக்கா தூங்குறப்ப கேக்காம நாந்தான் எடுத்தேன்னு அவருகிட்ட நீயே சொல்லு. வருவியா?"

என் மாடி வந்தது. இறங்கிவிட்டேன்.