எந்தக் கம்பைலர் ஆனாலும் சரி

"எந்தக் கம்பைலர வேணுமின்னாலும் குடுங்க. என்ற புரோகிராம் ஓடும், ஒரே விடையத்தான் சொல்லும். மாறுச்சுன்னா அன்னைக்கு நெய்வேலியில வெயிலே அடிக்காது!"

1987 சித்திரையில், அலுவலகக் கேன்டீனில், பாதி வடை கையிலிருக்க மருதாசலம் உலகுக்கு அளித்த வாக்குறுதி இது. சாட்சிகள் நானும் மீதி வடையும்.

மருதாசலம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். டவுன்ஷிப்பில் அவர் பேச்சுக்குக் கட்டுப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பது அவர் மனைவி தமயந்தியின் கணக்கு. "கம்ப்யூட்டரு இவரு சொன்னா கேக்குமாமா. வீட்டு ஸ்டவ்வு கேக்க மாட்டேங்குதே!"

அவருடைய புரோகிராம் சாதாரணமானதல்ல. எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ராட்சசப் பம்புகள் இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். ஒவ்வொரு ஆழ்துளையிலும் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை பம்பு ஓட வேண்டும் என்று சொல்வதே அந்தப் புரோகிராமின் தொழில். அழுத்தக் கணக்கை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியிருந்தார். அளவுகளைப் படித்துக் கோடு வரைந்து காட்டும் பகுதியை சி மொழியில். மனிதன் எழுதியதை மெஷினுக்குப் புரிய வைக்கும் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் கம்பைலர் என்று பெயர். மொழிக்கு ஒன்றாக இரண்டு தேவை. அவருடைய அறையில் இரண்டும் ஒரே கம்பெனியுடையவை. புரோகிராம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

சுரங்க அலுவலகத்துக்குப் புது மெஷின் வந்தபோதுதான் கிரகம் மாறியது. புரோகிராமை அங்கேயும் ஏற்ற வேண்டும். கம்பைலர் வாங்க வேண்டும். "எந்தக் கம்பெனி?" என்று பர்ச்சேஸில் கேட்டார்கள். வாக்குத் தவறாத மருதாசலம், "எந்தக் கம்பெனி ஆனாலும் சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். எங்கள் பர்ச்சேஸுக்கு ஒரு தர்மம் உண்டு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியாகக் குறைந்த கொட்டேஷன். செருப்பே வாங்கினாலும் வலது காலுக்கு ஒரு கடை, இடது காலுக்கு வேறொரு கடை. அப்படியே ஃபோர்ட்ரான் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தும் சி இன்னொரு கம்பெனி வீட்டிலிருந்தும் வந்து சேர்ந்தன.

இரண்டும் முதலில் முரண்டு பிடித்தன. மருதாசலம் அங்கே தட்டி இங்கே திருகி ஒட்ட வைத்தார். ஓடியது. அதுதான் கொடுமை. பிரின்ட் அவுட்டில் நீர்மட்டக் கோடு மெழுகிய தரைபோல நேராக, தாழ்வாக வந்தது. தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, பாதிப் பம்புகளை நிறுத்தலாம் என்று பொருள். சீஃப் இன்ஜினியர் பரமசிவம் நெல்லைக்காரர். மின்சாரம் மிச்சம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏ மருதாசலம், கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரில்லாவே இருக்கு! நாளைக்கே ஆர்டர் போட்டிருதேன்."

நான் நீர்ப்பிரிவில் கிளார்க். அந்த ஆர்டரை டைப் அடிக்க வேண்டியவன். என் தங்கை வீட்டுக்காரர், பெயர் பாவாடை, கம்மாபுரத்துக்காரர், சுரங்கத்தின் அடியில் சேறு வாரும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்னா மச்சான், மெஷினு சொல்லிச்சின்னு பம்ப நிறுத்தப் போறாங்களாமே? அது ஏசி ரூமுல குந்திக்கினு சொல்லும். தண்ணி வந்தா அதுக்கா கால் நனையப் போவுது?"

"போவீங்களா, உங்களுக்கு எல்லாமே கிண்டல்" என்றேன். கூட வந்திருந்த தங்கை சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆர்டரை அடித்து எடுத்துக்கொண்டு சீஃப் அறைக்குப் போனேன். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். மருதாசலம் மட்டும் பிரின்ட் அவுட்டைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு நின்றார். ஊரே மெச்சிய அந்த அழகுதான் அவரை உறுத்தியது. வெவ்வேறு இடத்து ஆழ்துளைகள், எல்லாவற்றிலும் ஒரே மட்டம்.

"சார், ஒரு டீ குடிக்கற நேரம் குடுங்க" என்றார்.

"எதுக்குவே?"

"விடை தப்புங்க."

மருதாசலமே ஓர் உதாரணம் சொல்லி விளக்கினார். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் குறிப்பை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார். அடுத்து வருபவர் மேசை டிராயரில் தேடுகிறார். அங்கே கிடக்கும் பழைய குறிப்பைப் பார்த்து வேலை செய்கிறார். இருவர் மேலும் தப்பில்லை, பழக்கம் வேறு. ஃபோர்ட்ரான் கணக்குப் போட்டு விடையை ஓரிடத்தில் வைத்தது. அந்நிய வீட்டு சி வேறிடத்தில் தேடி, அங்கே கிடந்த ஏதோ ஒரு பழைய எண்ணையே எல்லா ஆழ்துளைக்கும் எழுதிக்கொண்டது.

"உம்ம வாயாலதான எந்தக் கம்பைலர்லயும் ஓடும்னு சொன்னீரு? கையெழுத்து வேற போட்டிருக்கீரு!" என்றார் பரமசிவம்.

மற்றவராயிருந்தால் மெஷினைத் திட்டியிருப்பார், பர்ச்சேஸைத் திட்டியிருப்பார், பம்பு நின்றபின் தண்ணீரையே திட்டியிருப்பார். பிழை கண்டுபிடித்த ஆட்கள் இந்த டவுன்ஷிப்பில் நிறைய உண்டு. தன் பிழையைத் தானே, அதுவும் பாராட்டு வாங்கிய மறுநாளே கண்டுபிடித்தவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். என் தங்கை இன்றும் தாலியோடு இருப்பதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், வடை தின்னும் சாமிக்கு என்பேன்.

மருதாசலம் தம் அறையிலிருந்து ஒரே கம்பெனியின் இரண்டு கம்பைலர் ஃப்ளாப்பிகளையும் எடுத்து வந்தார். சீஃப் கண்ணெதிரிலேயே புது மெஷினில் புரோகிராமை முதலில் கலப்பு ஜோடியில் ஓட்டினார். நேர்க்கோடு வந்தது. பிறகு ஒரே வீட்டு ஜோடியில் ஓட்டினார். பிரின்டர் கரகரத்தது. கோடு மேடும் பள்ளமுமாக, பம்பு நிறுத்த இடமே தராமல் உயர்ந்து ஏறியது.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். நேர்க்கோட்டுத் தாளின் மேல், "கம்பைலர் மாறினால் விடை மாறும்" என்று தம் கையால் எழுதி, கீழே கையெழுத்திட்டு, சீஃப் பக்கமாக நகர்த்தினார்.