மூன்று விநாடிச் சிலுவை

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது என்று இதுவரை ஒரே ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள். அதையும் இரண்டு தரம் எழுத்தில் தந்தாள்.

மன்னாரில் மீசை முளைக்க முன்பே உழவு மெசின் ஓட்டியவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதனால் ஒரு குறையும் வரவில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கனடாவில் மொன்றியலை அடுத்த டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் தட்டுக் கழுவினேன். அங்கே என் வேகத்துக்குக் கழுவ இன்னொருவன் இருக்கவில்லை. சாப்பாடு ஏற்றும் வான் வண்டியை ஓட்டியவர் ஓய்வு பெறப்போன நேரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். லைசென்ஸ் எடுத்தால் அந்த இடம் எனக்கு, பனி விழும்வரை வைத்திருப்பேன் என்றார். ஐம்பது வயதில் சவர்க்கார நுரைக்குள்ளிருந்து வெளியே வர எனக்கிருந்த வழி அது ஒன்றுதான்.

ஓட்டத்தில் பிரச்சினை இல்லை. என் வலக்கையில்தான் பிரச்சினை. ஊரில் பஸ் ஒரு மாதா கோயிலைக் கடந்தால் வேதக்காரர் எல்லோரும் சிலுவை அடையாளம் போடுவோம். நித்திரையில் இருப்பவனும் கண் திறக்காமல் போடுவான். அங்கே நாலு மைலுக்கு ஒரு கோயில். மொன்றியலில் நாலு தெருவுக்கு ஒன்று. உள்ளே ஆட்கள் இல்லாவிட்டாலும் கோபுரம் கோபுரம்தானே.

நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் எனக்குக் கார் பழக்கியவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், என்னைவிட இளையவர். காரின் முன்பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருந்தார்.

"அண்ணை, சோதனையில ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காதேங்கோ."

"நீர் மட்டும் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில ஒத்துறீர்?"

"அது கார் நிக்கேக்க, அண்ணை."

நிற்கும்போது என்ற அந்தச் சொல்லை நான் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும்.

முதல் சோதனையில் பக்கத்தில் இருந்த அதிகாரி ஓர் இளம் கியூபெக் பெண். ஐந்து கோயில் வந்தன. ஐந்து தரமும் என் கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் போனது. ஐந்தாவது தரம் அவள் முகம் வெளிறி, காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"முஸ்யூ, நெஞ்சு வலிக்கிறதா? அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

கோயிலைக் கண்டு சிலுவை போட்டது என்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து விளக்கினேன். பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு, ஒற்றைக் கையால் ஓட்டுகிறார் என்று எழுதிப் பெயிலாக்கினாள்.

"இஞ்சேருங்கோ, மனசுக்குள்ள போட்டாக் கடவுளுக்கு விளங்காதோ?" என்றாள் மனைவி.

"அப்ப நாளைக்கு நீ மனசுக்குள்ள சமை, நான் மனசுக்குள்ள சாப்பிடுறன்."

"நல்லம். கழுவத் தட்டும் இராது. அதை விட்டா உங்களுக்கு வேற வேலையும் இல்லை."

இரண்டாம் முறையும் அதே அதிகாரிதான். மனைவி சொன்னபடி செய்தேன். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் ஒட்டி வைத்தேன். கோயிலைப் பார்த்தால் கை எழும்பிவிடும் என்று, கோபுரம் வந்தபோதெல்லாம் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பிய ஓர் இடத்தில் 'அரே' என்று எழுதிய சிவப்புப் பலகை நின்றது. நில் என்று பொருள். நான் நிற்கவில்லை.

பெயிலானதைவிட முகம் திருப்பியதுதான் என்னைக் குடைந்தது. கதை பேச்சில்லாத ஆட்களைக் கண்டால்தானே அப்படித் திருப்புவோம். கடவுளோடு எனக்கு என்ன சண்டை?

இலைகள் கொட்டத் தொடங்கிவிட்டன. ஒரு சோதனைக்குத்தான் காலம் இருந்தது.

"அண்ணை, அரேயில மூண்டு செக்கன் முழுசா நிக்கோணும்," என்றார் பழக்குகிறவர். "இஞ்ச ஒருத்தரும் நிக்கிறேல்லை. நீங்கள் நில்லுங்கோ."

மறுநாள் தட்டுக் கழுவும்போது பிடிபட்டது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென். அவசரப்படாமல் சொன்னால் சரியாக மூன்று விநாடி. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, நெற்றியெல்லாம் நுரை அப்ப, பத்துத் தரம் போட்டுப் பார்த்தேன். கடந்து வந்த கோயிலை நினைவில் வைத்து, அடுத்த அரேயில் நின்று போடுவது என்று முடிவெடுத்தேன். பல்கலைக்கழகம் போனவர்களுக்கு இந்த யோசனை வந்திருக்காது.

மூன்றாம் முறையும் அவளே வந்தாள். "இன்றைக்கு நெஞ்சு எப்படி, முஸ்யூ?"

"நல்ல சுகம்."

ஒவ்வோர் அரேயிலும் நின்றேன். இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன், சிலுவை போட்டேன். கடைசி அரே ஒரு கோயிலின் மூலையிலேயே இருந்தது. பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான். ஆமென் சொல்லி முடியாமல் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இப்படி முழுதாக நிற்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை," என்று சொல்லி, பாஸ் தாளில் கையெழுத்துப் போட்டாள். "ஆனால் ஒன்று. கடைசி மூலையில் இருந்தது கோயில் இல்லை. எப்போதோ அடுக்குமாடி வீடாக்கிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் நான்தான் இருக்கிறேன்."

"அப்படியென்றால் அது உங்களுக்குப் போட்டதாக இருக்கட்டும்," என்றேன்.

"மெர்சி" என்று நன்றி சொல்லித் தாளை நீட்டினாள்.

பனிக்கு இரண்டு நாள் முன்பு வானின் சாவி என் கைக்கு வந்தது. அந்த மூலையால் போகிற நாட்களில் இப்போதும் முழுதாக நிற்கிறேன். ஹோன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். மூன்றாம் மாடிக்கும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது.