அவரைக்கொடி சொன்ன கம்பெனி

அறுபதுகளின் கடைசியில் பழைய கார் ஒன்று வாங்கினேன். கார் இன்சூரன்ஸ் அப்போது தனியார் கையில் இருந்தது. மூன்று கம்பெனி நோட்டீசுகளை வைத்துக்கொண்டு, எது நல்லது என்று ஒரு வாரம் குழம்பினேன். கடைசியில் பாலக்கோடு ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்தவரிடம் போனேன். ஒல்லியான மனிதர், புருவத்தில்கூட கிரீஸ்.

நோட்டீசுகளை அவர் பார்த்தார், தொடவில்லை. "கை அழுக்குங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனார். அடிபட்ட கார்கள் இரண்டு நின்றன. இரண்டின் சக்கரத்தையும் அவரைக்கொடி சுற்றியிருந்தது.

"வண்டி வர்ற அன்னிக்கே ஒரு வெதை ஊணிருவேனுங்க. கம்பெனி ஆளு வந்து சேதத்தப் பாத்தாத்தான் நான் கைவெக்க முடியும். இந்தக் கம்பெனி ஆளு வர்றதுக்குள்ள பூவெடுத்துருச்சு. அந்தக் கம்பெனி ஆளு இன்னும் வரல. நேத்து எங்க வூட்டுல அந்தக் காயிலதான் கொழம்பு."

"மூணாவது கம்பெனி?"

பக்கத்தில் காலியிடத்தைக் காட்டினார். இரண்டே இலை விட்ட செடி நின்றது. "அந்த வண்டி நேத்தே கெளம்பிருச்சுங்க."

அந்தக் கம்பெனியிலேயே சேர்ந்தேன். அடுத்த ஆடி மழையில், தொப்பூர் இறக்கத்தில் என் கார் மரத்தில் மோதியது. பட்டறைக்கு இழுத்து வந்ததும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. சட்டைப்பையில் விதையைத் தேடினார். கையில் கட்டுடன் நான் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாளே கம்பெனி ஆள் வந்துவிட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பட்டறைக்காரரோ குனிந்து, மண்ணை விரலால் விலக்கி, அப்போதுதான் முளை விட்டிருந்த விதையைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாமுங்க" என்றார்.

அது கேலியா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.